உண்ணிக்கொக்கை வெளியே வைத்தவர்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. லிங்கராஜபுரத்தில் எனக்கு மூன்று மாடி வீடு இருக்கிறது. கீழ்த்தளம் முழுக்க என் போர்டுக் கடை. இதில் முதல் இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்வது எனக்குப் பிடிக்கும். எதிரில் இருப்பவர் பட்டதாரியாக இருந்தால் இன்னும் பிடிக்கும்.

அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கினவர். நான் இறங்கமாட்டேன் என்று பதினைந்து வயதில் பெங்களூர் வந்தேன். ஜீவனஹள்ளியில் ஆறு பேர் படுக்கும் ஓர் அறையில் ஏழாவது ஆளாகப் படுத்துக்கொண்டு, வண்டி நம்பர் பிளேட் எழுத ஆரம்பித்தேன். இங்கிலீஷ் எழுத்தும் கன்னட எழுத்தும் எனக்கு முதலில் படமாகத்தான் வந்தன. ‘பி’க்கு இரண்டு வயிறு, கீழ் வயிறு ஒரு நூல் பெரியது என்று கைக்குத் தெரிந்து வெகுநாள் கழித்துத்தான் அதன் சத்தம் வாய்க்குத் தெரிந்தது. அப்படி வந்த எழுத்து போகாது. படித்தவர்கள் வாக்கியத்தைப் பார்க்கிறார்கள். நான் எழுத்தைப் பார்க்கிறேன். ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தாலும் அதில் ஒரு சொல் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் சட்டைக்குள் முள் போன மாதிரி எனக்கு உறுத்தும்.

கொக்கு விஷயத்திலும் அப்படித்தான் உறுத்தியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் கூட்டத்தில் சிலர் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்ததை நடத்தியவனே சொல்வது நல்லது.

எங்கள் பக்கத்து ஏரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. ‘குப்பை போடாதீர்’ போர்டு நட அங்கே போன நாளில் அவர்களை முதலில் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர், கழுத்தில் பைனாகுலர். அதைத் தூக்கி வானத்தைப் பார்க்கும்போது ஊரே தங்களுக்குக் கீழே இருக்கிற மாதிரி ஒரு முகம் அவர்களுக்கு. அந்த முகம் எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வாரமே அவர்களில் யாரிடமும் இல்லாத உயர்ந்த பைனாகுலர் ஒன்றை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

கூட்டத்தை நடத்தியவர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் சார். அப்போதே இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஏரிக்கு வருகிற பறவைகளை நோட்டில் எழுதிவைத்திருந்தார். எந்தப் பறவை எந்த மாதம் வரும், எந்தக் கரையில் உட்காரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் பொய்யாகிவிடும்.

அந்த முதல் நாளில் ஒரு சாம்பல் நாரையைக் காட்டி அதன் லத்தீன் பெயரைச் சொன்னார். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“எழுத்து எழுத்தா சொல்லுங்க சார், எழுதிக்கறேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நீங்க போர்டு எழுதறவர் இல்லையா? எழுத்து உங்க டிபார்ட்மென்ட். பேரு எங்களுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சிரிப்பை நான் ஒன்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

அதன் பிறகு பறவைப் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு லத்தீன் பெயரையும் பழைய செய்தித்தாளில் பிரஷ்ஷால் இருபது தடவை எழுதினேன். மற்றவர்கள் மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். எனக்குக் கைக்குள் போய்விட்டது. ஒரு வருடத்தில் அந்தக் கூட்டத்தில் சாருக்கு அடுத்தபடி நான்தான். இரண்டாவது வருடத்தில் அவரே சில பெயருக்குத் திணறும்போது பின்னாலிருந்து நான் எடுத்துக்கொடுத்தேன். அவர் தலையாட்டுவார். “தேங்க்ஸ்” என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பறவையின் லத்தீன் பெயரில் இரண்டு சொல் இருக்கும். பின்சொல் அந்தப் பறவைக்கு மட்டும் உரியது. முன்சொல் அதன் பேரினம், இங்கிலீஷில் ஜீனஸ். நெருங்கின சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது பொது. சாம்பல் நாரை, செந்நாரை, பெரிய கொக்கு, நடுக்கொக்கு இவை நாலும் ஆர்டியா. கறுப்புக் காலும் மஞ்சள் பாதமுமாய் இருக்கிற சின்னக் கொக்கு எக்ரெட்டா. மாட்டுக்குப் பின்னால் நடந்து பூச்சி பொறுக்குகிற உண்ணிக்கொக்குக்கு மட்டும் பூபுல்கஸ் என்று தனி வீடு கொடுத்து வைத்திருந்தார்கள். வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் மாறியது.

கூட்டத்தில் ஒரு பெண் உண்டு. தூத்துக்குடிப் பக்கம், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பறவையைப் பார்க்கிற நேரத்தைவிட ஃபோனைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். அன்றைக்கு ஏரிக்கரைக் கல் பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே வற்றின பக்கத்தில் நாலைந்து எருமைகள் மேய்ந்தன. அவற்றின் காலுக்கு இடையில் ஆறு உண்ணிக்கொக்குகள்.

“சார், இதோட பேரு மாறிட்டு,” என்றாள் அந்தப் பெண். “என் ஃபோன்ல பூபுல்கஸ்னு தேடுனா ஆர்டியான்னு காட்டுது.”

சார் டீயை ஊதினார். “ஃபோனுக்கு மாறியிருக்கும்மா. கொக்குக்கு மாறல. பாரு, இன்னும் மாட்டுக்குப் பின்னாடிதான் போகுது.”

“இல்ல சார், எல்லா லிஸ்ட்டுலயும் மாத்திட்டாங்க.”

“மாத்தட்டும். இவனுங்க பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவானுங்க. பெரிய கொக்கு தண்ணியில நின்னு மீன் பிடிக்கும். இது தரையில நடந்து வெட்டுக்கிளி பிடிக்கும். கழுத்தைப் பாரு, எவ்வளவு குட்டை. தாடைக்குக் கீழே இறகு தொங்குது பாரு. குஞ்சு பொரிக்கிற காலத்துல தலை ஆரஞ்சா ஆயிடும். வாழற விதமே வேற. இதைக் கொண்டுபோய்ச் சாம்பல் நாரையோட ஒரே ஜீனஸ்ல உட்கார வெக்கறதா?”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் உண்ணிக்கொக்கு தவளை ஒன்றைப் பிடித்தது. வாயிலேயே திருப்பித் தலைப்பக்கம் உள்ளே போகிற மாதிரி வைத்து விழுங்கியது. அந்தக் குட்டைக் கழுத்துக்குள் தவளை உதைத்துக்கொண்டே இறங்குவது பைனாகுலரில் நன்றாகத் தெரிந்தது. நான் அதைக் கடைசிவரை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“சார், ரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்காங்க. இது ஆர்டியா கூட்டத்துக்கு வெளிய நிக்கல. உள்ளுக்குள்ளயே நிக்குது.”

“அதனால?”

“அதனாலயா? ஒரே ரேஷன் கார்டுல அண்ணன் தம்பி அஞ்சு பேரு. அதுல நடுவுல ஒருத்தன் மட்டும் வேற வேலை செய்யறான், வேற சோறு துன்றான்னு அவனை மட்டும் வெளிய தள்ளி வேற கார்டு போடுவீங்களா? போடணும்னா எல்லாத்தையும் பிரிச்சுப் போடு. இல்லியா, எல்லாரையும் ஒண்ணா வெச்சுக்கோ. ஒருத்தனை மட்டும் தள்ளினா இன்னா கணக்கு அது?”

“ஜீனஸ்ங்கறது மனுஷன் கிழிக்கிற கோடுங்க. இயற்கையில அந்தக் கோடு கிடையாது.”

“மனுஷன் கிழிக்கிற கோடுதான். அதான் நேரா கிழின்றேன். கோடு கிழிக்கிறது என் தொழிலு சார்.”

கூட்டம் சிரித்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் பக்கம் சிரித்தது. அந்தப் பெண் கைதட்டவே செய்தாள். சார் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, ரொம்ப நிதானமாக என்னைக் கேட்டார்.

“இதெல்லாம் எந்த காலேஜ்ல படிச்சீங்க?”

சிரிப்பு திரும்பிவிட்டது. காற்று மாறினால் கொக்குக் கூட்டம் மொத்தமாகத் திரும்புமே, அப்படி. நான் டம்ளரைக் கழுவப் போனேன்.

அதே மாதத்தில் ஏரிக் கமிட்டி, ஏரியின் வாசலில் ஒரு பெரிய போர்டு வைக்கத் தீர்மானித்தது. அந்த ஏரிக்கு வருகிற நாற்பத்தெட்டுப் பறவைகளின் படம், ஒவ்வொன்றுக்கும் கீழே கன்னடப் பெயர், இங்கிலீஷ் பெயர், லத்தீன் பெயர். பட்டியல் சாருடையது. போர்டு என்னுடையது. கமிட்டி செக்ரட்டரி கன்னடக்காரர், நல்ல மனுஷன். தகவலைச் சொல்லும்போது கூடவே சொன்னார்: சார் எதுவும் வேண்டாம் என்றாராம். போர்டின் கீழ்க்கோடியில் ‘பட்டியல் தொகுத்தவர்’ என்று அவர் பெயர் ஒரு வரி வந்தால் போதுமாம்.

“முப்பது வருஷ நோட்டு. ஒரு புஸ்தகம் போடல பாருங்க அவரு. இந்த ஒரு வரிதான் கேட்டாரு,” என்றார் செக்ரட்டரி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போர்டு அடிப்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு புரூஃப் எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுப்போம். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். போட்ட பிறகு அதில் இருக்கிற தப்பு அவருடையது. நம் கண்ணுக்குத் தப்பு தெரிந்தாலும் கேட்காமல் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த தடவை சொல்லாமல் விட்ட தப்புக்கும் நாம்தான் பொறுப்பு என்பார்கள். கல்யாண போர்டில் மாப்பிள்ளை பெயரே மாறி வந்தாலும் கையெழுத்து இருந்தால் நான் அடித்துவிடுவேன். அடித்தும் இருக்கிறேன்.

சாரின் பட்டியலை மெஷினில் ஏற்றும்போதே முள் குத்திவிட்டது. பெரிய கொக்கு, ஆர்டியா. நடுக்கொக்கு, ஆர்டியா. அடுத்த கட்டத்தில் உண்ணிக்கொக்கு, பூபுல்கஸ். மூன்றும் வெள்ளை. இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. வாழ்கிற விதம்தான் ஜீனஸ் என்று பெஞ்சில் உட்கார்ந்து அவ்வளவு பேசினாரே, அது நிஜமானால் பெரிய கொக்குக்கும் நடுக்கொக்குக்கும்கூட முன்காலத்தில் வேறு வேறு பேரினம் இருந்ததே, அதையல்லவா போட்டிருக்கவேண்டும்? அவை இரண்டையும் புத்தகத்தில் பார்த்து எழுதியிருக்கிறார். இதை மட்டும் மனசிலிருந்து எழுதியிருக்கிறார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்திய பட்டியல்களும் பல வருடம் இதே மாதிரி இரண்டை உள்ளே வைத்து ஒன்றை வெளியே வைத்துத்தான் இருந்தன. அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் வேலை என்னுடையது இல்லை.

இரண்டு நாள் கழித்துப் புரூஃப் பார்க்கச் சார் கடைக்கு வந்தார். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள், அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். கன்னடத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். கொக்கு வரிசைக்கு வந்ததும் லென்ஸ் நின்றது.

“உங்களை ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“அன்னிக்கு அந்தப் பொண்ணு சொன்னதை யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னதையும்தான். உங்களுக்கு இந்த விஷயம் நல்லாத் தெரியுது. இதை எப்படிப் போட்டா சரி? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

கடையில் கட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், இந்தக் கேள்வி இன்னொரு தடவை காதில் நன்றாக விழட்டும் என்று. அவர் திரும்பவும் கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற ஆளின் குரல். ஒரு சொல் போதும். ‘ஆர்டியான்னு போடுங்க சார்’ என்றால் நானே அங்கேயே மாற்றியிருப்பேன். ஒரு நிமிட வேலை.

“சார், எழுத்துதான் என் டிபார்ட்மென்ட். பேரு உங்களுது.”

அவர் சிரித்தார். நான் மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தான் சொன்ன சொல் அது என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருவன் ஒன்பது வருடம் சுமந்த சொல் சொன்னவருக்கு ஒரு நாள்கூட கனக்கவில்லை.

“அப்ப பூபுல்கஸாவே இருக்கட்டும்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பெயர் வரியை எப்படி எழுதுவது என்று அவருக்கு முடிவாகவில்லை. பட்டத்தோடு போடுவதா, பட்டம் இல்லாமல் போடுவதா என்று நாலு நாள் யோசித்தார். போர்டு அடித்து முடித்தபிறகு ஃபோன் பண்ணிக் கூச்சத்தோடு சொன்னார். “பட்டத்தோடயே போட்டுடுங்க. என் பேரு அச்சுல வந்தது கல்யாணப் பத்திரிகையில மட்டும்தான். இதுல கொஞ்சம் முழுசா இருக்கட்டும்.” அதனால் அந்த ஒரு வரியை மட்டும் கறுப்பு வினைல் ஸ்டிக்கர் தாளில் எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டினேன். இடைவெளி எல்லாம் அளந்து, ரொம்ப அழகாக.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை காலை. மற்ற ஏரிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சேலத்துக்கார அம்மா ஒருவர், பறவைகளின் மரபணு பற்றிப் படித்தவர், சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். சார் கோட்டு போட்டிருந்தார். அந்த வெயிலிலும் கழற்றவில்லை. செக்ரட்டரி ரிப்பன் வெட்டினதும் சார் போர்டின் முன்னால் நின்று ஒவ்வொரு வரிசையாகக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் விளக்கினார். நன்றாகப் பேசினார். இடையிடையே கண் கீழ்க்கோடிக்குப் போய்த் திரும்பியது. எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும். நான் அதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொக்கு வரிசை முடிந்ததும் கையைத் தூக்கினேன்.

“சார், ஒரு டவுட்டு.”

“கேளுங்க.”

“இந்த மூணு வெள்ளையும் பாருங்க. ரெண்டு ஆர்டியா, ஒண்ணு மட்டும் பூபுல்கஸ். வாழற விதம்தான் ஜீனஸ்னு நீங்க சொன்னீங்க. அப்ப நடுக்கொக்கும் சாம்பல் நாரையும் ஒரே மாதிரியா வாழுது?”

“அது... லிஸ்ட்ல ரொம்ப வருஷமா அப்படித்தான் இருந்துச்சு.”

“லிஸ்ட்ல இப்ப மாத்திட்டாங்களே சார். நீங்க லிஸ்ட்டைப் பார்த்துப் போட்டீங்களா, பறவையைப் பார்த்துப் போட்டீங்களா?”

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுத் துணியில் துடைத்தார். முப்பது வருடம் வகுப்பில் கேள்வி கேட்டவர் பதில் தெரியாத பையன் மாதிரி நின்றார். சேலத்து அம்மா இரக்கப்பட்டு நடுவில் வந்தார்.

“சார் சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க. ரொம்ப நாளா ரெண்டு பக்கமும் பேசிட்டுதான் இருந்தாங்க.”

“மேடம், நீங்க படிச்சவங்க. போர்டுல இருக்கறது சரியா, தப்பா?”

“தப்புன்னு சொல்ல முடியாதுங்க. இப்ப அப்படி யாரும் போடறதில்ல.”

“அப்ப பழசு.”

“ஏனாயித்து? என்னாச்சு, போர்டு தப்பா?” என்று செக்ரட்டரி பதறினார். கன்னடத்தில் அவருக்கு விளக்கினேன். விளக்கும்போது மெதுவாகப் பேசவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தப்பு கடையுடையதோ என்கிற பார்வை. அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து புரூஃபை எடுத்து விரித்தேன்.

“நம்ம கடையில தப்பு நடக்காதுங்க. கையெழுத்தைப் பாருங்க.”

தாள் கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் கையெழுத்தைப் பார்த்தார்கள், பிறகு சாரைப் பார்த்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அன்னிக்குக் கடையில உங்களைக் கேட்டேனே.”

நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னேன். “கேட்டீங்க சார். நான் எந்த காலேஜ்ல படிச்சேன், உங்களுக்குச் சொல்றதுக்கு?”

இந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. “அங்கிள், போதும்,” என்றாள் தூத்துக்குடிப் பெண். அவளுக்காகவும் சேர்த்துத்தானே கேட்டேன்? முதலில் பேர் மாறினதைச் சொன்னதே அவள்தான்.

“என் பேரை எடுத்துடுங்க,” என்றார் சார்.

“பேட சார், வேணாம், இருக்கட்டும். ஒரு பேருதானே மாத்தணும், மாத்திக்கலாம்,” என்று செக்ரட்டரி அவர் கையைப் பிடித்தார்.

“தப்பான போர்டுல என் பேரு வேணாம். இப்பவே எடுங்க.”

அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். யாராவது இன்னும் இரண்டு தடவை தடுத்திருந்தால் விட்டிருப்பார். ஆனால் என் காதில் விழுந்தது வாடிக்கையாளர் சொன்ன வேலை. வண்டியிலிருந்து பிளேடை எடுத்துவந்தேன். புதிதாக ஒட்டின வினைல், அதிலும் வெயில் பட்டுச் சூடேறியிருந்தது. ஓரத்தைப் பிளேடால் நிமிண்டி நகத்தால் இழுத்தாலே உரிந்துவிடும். வலது கோடியிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் பட்டம் போனது. பிறகு பெயர், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை. அவசரப்படவில்லை. போர்டில் கீறல் விழக்கூடாது. அவ்வளவு நேரமும் அவர் பக்கத்திலேயே நின்றார். உரித்த எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கறுப்பு உருண்டையாகிவிட்டன. அதைக் குப்பைத் தொட்டியில்தான் போட்டேன். அந்தத் தொட்டிக்கு மேல் இருக்கிற போர்டும் நான் நட்டதுதான்.

புதுப் போர்டு என் செலவில் அடித்தேன். அதில் உண்ணிக்கொக்கை ஆர்டியாவில் வைத்தேன். மஞ்சள் குருகுக்கும் பேரினம் மாறியிருந்தது. அதை அந்தச் சேலத்து அம்மாகூட அன்று கவனிக்கவில்லை. நான் கவனித்து மாற்றினேன். நாற்பத்தெட்டில் இரண்டு. மற்ற நாற்பத்தாறும் சார் எழுதினது எழுதினபடி.

அடிப்பதற்கு முன்னால் செக்ரட்டரி ஃபோன் பண்ணினார். சேலத்து அம்மாவும் நம்பர் வாங்கிப் பேசினார். பட்டியல் இன்னமும் சாருடையதுதானே, பெயரைத் திரும்பப் போட்டுவிடுங்கள் என்றார்கள். அவரே எடுக்கச் சொன்ன பெயர், அவர் கையெழுத்து வாங்கிவந்தால் போடுகிறேன் என்றேன். அவரிடம் போய்க் கேட்கிற தைரியம் இருவருக்கும் இல்லை. தூத்துக்குடிப் பெண் கடைக்கே வந்துவிட்டாள்.

“நீங்களே ஒரு வார்த்தை கேக்கலாம்லா அங்கிள்? ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துலதான இருக்கு?”

“கேக்கலாம்.”

“அப்ப கேளுங்க.”

“கேக்க மாட்டேன்.”

“எதுக்கு?”

“ஒன்பது வருஷத்துல அவரு என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டாரு. நானும் ஒரு ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு தடவை கேக்கறேன்.”

“அதுவரைக்கும் அவங்க இருக்கணும்லா?” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வருகிறாள், பறவை பெயர் கேட்கிறாள், ‘அங்கிள்’ என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். சார் வருவதை நிறுத்திவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் முன்னால் நடக்கிறேன். முன்பு பதினைந்து பேர். இப்போது சில வாரம் முப்பது வருகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் கூட்டம் சேர்ந்து நான் வருகைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலையை எண்ணிக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சார் இறங்கினார். பிறகு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா இறங்கினார். அவர் மனைவி, அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. சார் என்னை எதிர்பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கூட்டம் கிளம்பியிருக்கும் என்று நினைத்துத் தாமதமாக வந்திருக்கிறார். நாங்கள்தான் அன்று யாருக்கோ காத்திருந்து நேரமாக்கிவிட்டோம்.

அந்த அம்மா நேராகப் போர்டுக்குப் போனார். மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். கீழ்க்கோடிக்கு வந்ததும் விரல் நின்றது. வெறும் வெள்ளையைத் தடவினார்.

“எங்கங்க?”

“இங்கதான் இருந்துச்சு,” என்றார் சார். “வெயில்ல போயிடுச்சு போல.”

நடந்தது எதையும் வீட்டில் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று மாதமாக அந்த வரி போர்டில் இருப்பதாகவே மனைவியிடம் சொல்லிவந்திருக்கிறார்.

அந்த அம்மா திரும்பினார். என் கழுத்துப் பைனாகுலரையும் கையிலிருந்த தாளையும் பார்த்து நான்தான் பொறுப்பு என்று தெரிந்துகொண்டார் போல. “தம்பி, இந்த போர்டு யாரு செஞ்சது?”

“நான்தாம்மா.”

“மூணு மாசத்துல எழுத்து வெயில்ல போயிடுமா தம்பி? எல்லாப் பறவை பேரும் அப்படியே இருக்கு. இவரு பேரு ஒண்ணுதான் போயிருக்கு. அத்தனை மட்டமாவா ஒட்டுவீங்க?”

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் தோளுக்குப் பின்னாலிருந்து சார் என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லை, புரை எடுத்த கண்ணும் எடுக்காத கண்ணும் தெரிந்தன. அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் கேட்டார். ஆமாம்மா, வெயில்ல போயிடும்மா, வேற ஒட்டித் தர்றேன் என்று நான் சொன்னால் போதும். சார் மனைவியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அது தெரியாமல் இல்லை.

ஆனால் இந்த ஊரில் ஐம்பத்தைந்து வருடமாக எழுதுகிறேன். மட்டமாக ஒட்டினேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

“என் கடை எழுத்து வெயில்ல போகாதும்மா,” என்றேன். “பிளேடு வெச்சு எடுத்தாத்தான் போகும்.”

அவர் போர்டைத் திரும்ப ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, “யாருங்க எடுத்தது?” என்று கேட்டார். சார் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா இன்னொரு தடவை கேட்டார், இந்தத் தடவை சத்தமாக. எங்களுக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டு மேற்குக் கரைப் பக்கம் நடந்தேன்.